நாற்காலிக்கும் மதம் உண்டு

லெபனானில் ஒரு சுன்னி முஸ்லிம் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அதிபராக முடியாது. அந்த நாற்காலி மரோனைட் கிறிஸ்தவருக்கு. பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. 1943இல் தலைவர்கள் வாய்மொழியாகச் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து வந்த வழக்கம் இது. அதற்கு ஆதாரமாக வைத்துக்கொண்டது 1932இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. அதற்கப்புறம் இன்றுவரை அங்கே கணக்கே எடுக்கவில்லை. எடுத்தால் பங்கு மாறிவிடும் என்ற பயம்.

பதவிகளை இப்படிப் பிரித்துக் கொடுத்துவிட்டால் சண்டை வராது என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். 1975இல் தொடங்கி 15 ஆண்டுகள் அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. 1989இல் அந்தப் போரை முடிக்கத் தாயிஃப் உடன்படிக்கை வந்தபோதும் பங்கின் அளவைத்தான் மாற்றினார்கள். நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவருக்கு 6, முஸ்லிம்களுக்கு 5 என்றிருந்த விகிதம் சரிபாதி ஆனது. மதப் பங்கீட்டையே ஒழிக்க வழி சொல்லும் குழு ஒன்றை அமைப்போம் என்று அரசியலமைப்பின் 95ஆவது பிரிவில் எழுதியும் வைத்தார்கள். அந்தக் குழு இன்னும் அமையவில்லை.

சிறுபான்மையினருக்கு ஆட்சியில் இடம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இன்ன பதவி இன்ன மதத்துக்கு என்று ஆகிவிட்டால், தலைவர் தன் சமூகத்துக்கு மட்டும் காவலர் ஆகிவிடுகிறார். அவரைக் கேள்வி கேட்டால் அந்தச் சமூகத்தையே தாக்கியதாகிவிடும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்து 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரணை நீதிபதி முன்னாள் அமைச்சர்களை அழைத்ததும், அவரை நீக்கக் கோரி வழக்கு மேல் வழக்கு. விசாரணை ஒரு வருடத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. மகனைப் பறிகொடுத்த தாய் எந்த மதமாக இருந்தால் என்ன? அவருக்கு நியாயம் கிடைக்கவில்லையே! 2019இல் ஆட்சியாளர்களை எதிர்த்துத் தெருவுக்கு வந்த இளைஞர்கள் "எல்லோரும் என்றால் எல்லோரும்தான்" என்று முழங்கினார்கள். தங்கள் சமூகத்துத் தலைவரையும் விட்டுவைக்க மாட்டோம் என்று பொருள். அந்தத் துணிச்சலை நான் மனதார மதிக்கிறேன்.

துபாயில் என்னோடு வேலை பார்த்த லெபனான் தோழி மரோனைட். காதலித்தவர் ட்ரூஸ் என்ற சிறுபான்மை மதப் பிரிவைச் சேர்ந்தவர். உள்நாட்டில் பதிவுத் திருமணத்துக்குச் சட்டம் இல்லாததால் சைப்ரஸ் போய்த்தான் திருமணம் செய்துகொண்டார்கள். இப்போது ஒரு மகள். அங்குள்ள வழக்கப்படி அப்பாவின் பிரிவில், ட்ரூஸ் என்று பதிவாகியிருக்கிறாள். மேலே சொன்ன மூன்று நாற்காலிகளில் ஒன்றுகூட அவளுக்கு இல்லை.