ஆறிப்போன டோர்ட்டியா

என் அக்காவுக்கு சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் அவளுக்கு ஆகவே ஆகாது. தெரியாமல் கொஞ்சம் உள்ளே போய்விட்டாலும் வயிற்று வலி, அசதி என்று இரண்டு மூன்று நாள் படுத்துவிடுவாள். அதனால் வெளியே சாப்பிடப் போவதென்றால் நாங்கள் முதலில் விசாரிப்பது மாவைத்தான். மெக்சிகன் உணவகம் என்றால் மட்டும் அவளுக்கு ஒரு தைரியம் உண்டு. அந்தச் சமையலுக்கு அடிப்படையே மக்காச்சோளம். டாக்கோ, என்சிலாடா, தமாலே எல்லாமே அதிலிருந்து வருபவை. டாக்கோவுக்கு மடிக்கிற, சப்பாத்தி மாதிரியான மெல்லிய ரொட்டிதான் டோர்ட்டியா.

போன சனிக்கிழமை அவள் பிறந்தநாள். ஒரு வாரம் முன்பே மேசைக்குச் சொல்லி வைத்திருந்தேன். போனில் பேசும்போதே சீலியாக் பற்றியும் சொன்னேன். "டோர்ட்டியா எல்லாமே மக்காச்சோளம்தான் சார், கவலையே படாதீங்க" என்றார்கள். மெனுவிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் போனோம்.

சொன்ன நேரத்துக்கு மேசை தயாராக இல்லை. நாற்பது நிமிடம் வாசலிலேயே நின்றோம். கூட்டம் இருந்தது, சரி, அதை விட்டுவிடுகிறேன். உட்கார்ந்த பிறகு தண்ணீர் வருவதற்கு இன்னொரு கால் மணி நேரம். அதையும் விட்டுவிடலாம்.

முதலில் வந்தது குவாக்கமோலே. 'அவகாடோ சாஸ்' என்று பொருள்படும், மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டில் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எரிமலைக் கல்லில் குடைந்த மூன்று கால் கல்வம் ஒன்று அங்கே உண்டு, மோல்காஹெத்தே என்பார்கள். பச்சைமிளகாய், வெங்காயம், உப்பை அதில் நசுக்கி, பழுத்த அவகாடோவை அரைகுறையாக மசித்து, கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்தால் முடிந்தது. மறைக்க எதுவும் இல்லாத பண்டம், பழம் நன்றாக இருந்தால் போதும். எங்களுக்கு வந்தது மிக்ஸியில் அடித்த பச்சைக் கூழ். நடுநடுவே வெள்ளையாகப் புளிப்பு கிரீம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்பு நாக்கில் தெரிந்தது, மேலே பழுப்பு நிற ஆடை கட்டியிருந்தது.

அடுத்து டாக்கோ. டோர்ட்டியாவின் விளிம்பைத் தொட்டேன். வெடிப்பு விட்டு, காய்ந்த இலை மாதிரி இருந்தது. மெல்ல மடித்ததுமே நடுவில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த கோழிக்கறி மொத்தமும் தட்டில் கொட்டியது. கறியில் சூடு இருந்தது, டோர்ட்டியாவில் துளியும் இல்லை. கல்லில் போட்டு எடுத்து நேரமாகிவிட்ட டோர்ட்டியா இப்படித்தான் ஆகும். அதற்காகத்தான் மெக்சிகோவில் அதைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒன்றை எடுத்தால் அடியில் இருப்பது இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு டோர்ட்டியாவுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். அதன் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று பாருங்கள். காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்தால் அந்த மாவு சேர்ந்து வராது, தட்டினால் உதிரும். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்று வருகிற மாதிரி கழுவி, அதற்கப்புறம் அரைத்தால்தான் மாசா என்கிற மாவு ஒட்டும். இந்த முறைக்கு நிக்ஸ்டமலைசேஷன் என்று பெயர். இன்னொரு நன்மையும் இதில் உண்டு. மக்காச்சோளத்தில் நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்து கிடக்கும் நியாசின் சத்தைச் சுண்ணாம்புதான் விடுவிக்கிறது. ஐரோப்பாவுக்கு மக்காச்சோளம் போனது, இந்தச் செய்முறை போகவில்லை. வடக்கு இத்தாலியில் அதையே மூன்று வேளையும் தின்ற ஏழைகள் நியாசின் குறைவால் வருகிற பெல்லாக்ரா நோயில் தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். மெக்சிகோவின் பெண்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுப்படியில் கட்டிக்காத்த அறிவு அது. 2010இல் யுனெஸ்கோ அந்த நாட்டின் பாரம்பரியச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்த முறையையும் குறிப்பிட்டுத்தான் சேர்த்தது. இத்தனை பெரிய விஷயத்தை ஆறவைத்து, காயவைத்து மேசைக்கு அனுப்புகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே மனசு வலித்தது.

பரிமாறிய தம்பியைக் கூப்பிட்டு, சூடாக வேறு டோர்ட்டியா கொண்டுவரச் சொன்னேன். அப்படியே மோலே போப்லானோ பற்றியும் கேட்டேன். ஆஞ்சோ, முலாத்தோ, பாசியா என்று பல காய்ந்த மிளகாய்களை வறுத்து, எள், பாதாம், பட்டை, கொஞ்சம் சாக்லேட் சேர்த்து அரைக்கிற குழம்பு அது. கெட்டியாவதற்காக அதில் ரொட்டித்துண்டு போட்டு அரைக்கிறவர்களும் உண்டு. அதனால்தான் கேட்டேன். "அது சாக்லேட் சாஸ் சார்" என்றார் அவர். ரொட்டி சேருமா என்றால் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த சிவப்பு சல்சாவில் என்ன மிளகாய் என்றால் அதுவும் தெரியவில்லை. "காரமா இருக்கும் சார்." அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகிறது என்று அவரே சொன்னார். மேசைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, எதில் என்ன இருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. மோலேயை அக்கா தொடவே இல்லை.

புது டோர்ட்டியா வேறொருவர் கையில் வந்தது. சூடாக, மெத்தென்று. அக்கா முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சந்தோஷத்தைப் பார்த்தேன். பாதி சாப்பிட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் நான் ஒன்றை எடுத்துப் பிய்த்தேன். அது இழுபட்டது. மக்காச்சோள டோர்ட்டியா இழுபடாது, பிய்த்தால் வெடுக்கென்று கிழியும். மாவுக்கு இழுவை கொடுக்கிற குளூட்டன் அதில் கிடையாது. இழுபடுகிறது என்றால் கோதுமை இருக்கிறது.

"அக்கா, சாப்பிடாதே" என்றேன். கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டாள்.

மேலாளரை வரச்சொல்லிக் கேட்டோம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சாதாரணமாகச் சொன்னார். மக்காச்சோள டோர்ட்டியா தீர்ந்துவிட்டதாம், கோதுமையும் மக்காச்சோளமும் கலந்தது இருந்ததாம், கேட்டவர்களுக்கு அதைத்தான் கொடுத்தார்களாம். "கொஞ்சம்தானே சார் கலந்திருக்கு" என்றும் சொன்னார். எனக்கு வாயடைத்துவிட்டது. அக்காதான் என் கையைப் பிடித்து, "விடுடா, பிறந்தநாள் அன்னிக்குச் சண்டை வேண்டாம், கிளம்பலாம்" என்றாள்.

கோதுமை டோர்ட்டியாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொனோரா மாதிரி வடக்கு மாநிலங்களில் கோதுமை டோர்ட்டியாதான் பெருமை, அங்கே அதைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக இழுத்துச் சுடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் டெக்சஸில் வளர்ந்த டெக்ஸ்-மெக்ஸும் நல்ல சமையல்தான். எது வேண்டுமானாலும் சமைக்கட்டும். கேட்டால் இன்னது என்று சொல்ல வேண்டும். தீர்ந்துவிட்டது என்றால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். நாங்கள் பீன்ஸும் சோறும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வந்திருப்போம்.

நாச்சோஸ் பிறந்த கதை தெரியுமா? 1940களில் எல்லையை ஒட்டிய பியேத்ராஸ் நேக்ராஸ் ஊரில் ஒரு உணவகத்துக்குச் சில பெண்கள் பசியோடு வந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சமையல்காரரைக் காணோம். விருந்தினரை வரவேற்று உட்காரவைக்கும் இக்னாசியோ அனாயா தானே அடுக்களைக்குள் போய், டோர்ட்டியாவை முக்கோணமாக வெட்டிப் பொரித்து, மேலே சீஸும் ஹலபேனியோ மிளகாய்த் துண்டுகளும் வைத்துச் சூடு காட்டிக் கொண்டுவந்து வைத்தார் என்பார்கள். இக்னாசியோவின் செல்லப்பெயர்தான் நாச்சோ. கையில் ஒன்றும் இல்லாதபோதும் வந்தவர்களைக் கவனித்தவர் பெயரால் வழங்குகிற பண்டம் இவர்கள் மெனுவில் முதல் வரியிலேயே இருக்கிறது.

நாங்கள் எழுவதற்கு முன்பே பில் வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. மெக்சிகோவில் நாம் கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். சாப்பிட்டவரைக் கிளம்பச் சொல்வது மரியாதையில்லை என்று நினைப்பார்கள். எங்கள் பில்லில் அந்தக் கலப்பு டோர்ட்டியாவுக்கும், தொடாத மோலேக்கும் சேர்த்துப் போட்டிருந்தது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பணத்தை விட எனக்குப் பெரிதாகப் பட்டது, வாசல் வரைக்கும் ஒருவர்கூட "மன்னிச்சிடுங்க" என்று சொல்லாததுதான்.

அன்று ராத்திரியே அக்காவுக்கு வயிற்று வலி ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை, செவ்வாயும் போகவில்லை. புதன்கிழமை நான் அந்த உணவகத்துக்கு மறுபடி போன் செய்தேன். பணம் எதுவும் கேட்கவில்லை. மாற்று டோர்ட்டியா கொடுக்கும்போது அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், எதில் கோதுமை சேரும் என்று மெனுவில் போடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று மூன்றை மட்டும் கேட்டேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

இன்றைக்குக் காலையில் அவர்கள் மெனுவைத் திறந்து பார்த்தேன். 'எங்கள் டோர்ட்டியாக்கள் அனைத்தும் மக்காச்சோளத்தில் செய்தவை' என்ற வரி அப்படியே இருக்கிறது. குளூட்டன் ஆகாதவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், எங்கே சாப்பிடப் போனாலும் தட்டில் வைத்த டோர்ட்டியாவை முதலில் ஒரு ஓரம் பிய்த்துப் பாருங்கள்.