விமானம் ஏறுவதற்கு முன்னால் கிடக்கிற 70 கிலோமீட்டர்

விமானம் என்றாலே படபடப்பு என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் கிளறிக் கேட்டுப் பாருங்கள். மார்த்தாண்டத்தில் ரோடு பிளாக் ஆகிவிடுமோ, பெட்டி எடை கூடிவிடுமோ, பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் டிக்கெட்டில் ஒரு பெயர் என்று கவுண்டரில் நிறுத்திவிடுவார்களோ என்றுதான் சொல்வார்கள். எல்லாம் தரையில் நடக்கிற விஷயம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களின் விமான டென்ஷனில் முக்கால்வாசி, வீட்டு நடையிலிருந்து திருவனந்தபுரம் டெர்மினல் வாசல் வரைக்குமான 70 கிலோமீட்டரில்தான் கிடக்கிறது என்பது என் கருத்து. அதைச் சரிசெய்ய தியானம் எதுவும் வேண்டாம், நாலைந்து பழக்கம் போதும்.

முதல் பழக்கம் நேரத்தைத் திருப்பி எண்ணுவது. "பத்தரை மணிக்கு ஃபிளைட்" என்று வீட்டில் சொல்வதை விட்டுவிடுங்கள். பத்தரை என்பது விமானத்தின் நேரம். உங்கள் நேரம் செக்-இன் கவுண்டர் அடைக்கிற நேரம். பெரும்பாலான கம்பெனிகள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு அடைத்துவிடும், சில வெளிநாட்டு ஃபிளைட்டுகளுக்கு 75 நிமிடம். ஆக பத்தரை ஃபிளைட்டுக்கு ஒன்பதரைக்குக் கதவு சாத்தியாச்சு. வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம் முன்பு, ஏழரைக்கு டெர்மினலில் நிற்க வேண்டும். நாகர்கோவில் வடசேரியிலிருந்து சாதாரண நாளில் இரண்டு மணி நேரம். வழியில் பிளாக் ஆகிற களியக்காவிளைக்கும் பாலராமபுரத்துக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் தனியாக எடுத்து வையுங்கள். வண்டி 4.45க்குக் கிளம்ப வேண்டும். சாயங்காலம் போகிற வண்டியானால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டால் "இன்னும் நேரமிருக்குல்லா, ஒரு சாயா குடிச்சிட்டுப் போவலாம்" என்கிற மாமாவுக்குத் தாளே பதில் சொல்லும்.

இரவு ஃபிளைட்டில் தேதிக் குழப்பம் வேறு. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று இருந்தால், 15ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற ஆட்கள் இன்றைக்கும் உண்டு. அந்த விமானம் அவர்கள் காலையில் பல் தேய்க்கும்போதே வளைகுடாவில் இறங்கியிருக்கும். கவுண்டர் அடைப்பது 14ஆம் தேதி இரவு 11.40. வீட்டை விட்டு இறங்குவது 14ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குள். காலண்டரில் வட்டம் போடும்போது விமானம் பறக்கிற தேதியை விட்டுவிட்டு, வண்டி கிளம்புகிற தேதியில் போடுங்கள்.

வருஷத்தில் சில நாட்களுக்குத் தனிக் கணக்கு. மாசியில் ஆற்றுக்கால் பொங்கலை நாளில் திருவனந்தபுரம் நகர ரோடெல்லாம் அடுப்பும் பானையுமாக இருக்கும், நகரத்துக்குள் கார் நுழைவதை மறந்துவிடலாம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம், அதாவது சுவாமியை நீராட்டக் கொண்டுபோகிற ஊர்வலம், ரன்வேயைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்றைக்குச் சாயங்காலம் சுமார் ஐந்து மணி நேரம் ரன்வேயையே மூடிவிடுவார்கள், ஃபிளைட் நேரங்கள் மாறும். டிக்கெட் எடுத்தபோது கொடுத்த போன் நம்பர் டிராவல்ஸ்காரருடையதாக இருந்தால் அந்த மெசேஜ் அவருக்குத்தான் போகும். உங்கள் நம்பரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

டெர்மினல் இரண்டு என்பதும் பலருக்குக் கிளம்பின பிறகுதான் ஞாபகம் வரும். ஒன்று சங்குமுகம் பக்கம், இன்னொன்று சாக்கை பக்கம், பைபாஸை ஒட்டி. நடுவில் ரன்வே. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து போக முடியாது, ரோட்டில் சுற்றித்தான் போக வேண்டும். உள்நாட்டு ஃபிளைட் என்றாலே சங்குமுகம் என்று டிரைவர் அடித்துச் சொல்வார், நம்பாதீர்கள். டிக்கெட்டில் டி1 என்றிருக்கிறதா டி2 என்றிருக்கிறதா என்று பார்த்து அவரிடம் சொல்லுங்கள்.

கைப்பையோடு மட்டும் போகிற உள்நாட்டுப் பயணத்துக்கு ரயில்தான் நிம்மதி. திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்தால் முடிந்தது. 30 கிலோ பெட்டியோடு அந்த வீரம் வேண்டாம். சென்னைக்குப் போகிற ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி பக்கத்து ஆட்கள் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தையும் பார்க்கலாம். தூரம் கூடுதல்தான், ஆனால் காவல்கிணறு தாண்டினால் நாலுவழிச் சாலை, பிளாக் கிடையாது.

இனி பெட்டி. நம்ம ஊர்ப் பெட்டி தனி இலக்கணம்: தேங்காய் எண்ணெய், மீன் ஊறுகாய், ஏத்தங்காய் சிப்ஸ், நல்லமிளகு, முந்திரிக்கொத்து, கருவாடு. அம்மா வைப்பதை எடுக்க மனசு வராது, சரி. ஆனால் ஒரு கொக்கித் தராசு வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். எடையைக் கிளம்புகிற அன்றைக்குப் பார்க்காதீர்கள், முந்தின நாள் மத்தியானமே பாருங்கள். 30 கிலோ அனுமதி என்றால் வீட்டில் 28.5இல் நிறுத்துங்கள். வீட்டுத் தராசும் கவுண்டர் தராசும் ஒத்துப்போகாது, கடைசி நிமிஷத்தில் அத்தை கொண்டுவரும் பொட்டலத்துக்கும் இடம் வேண்டும். ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல் போனால் பணம் கட்டினாலும் எடுக்க மாட்டார்கள், இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள். கவுண்டர் முன்னால் பெட்டியைத் திறந்து கருவாட்டை வெளியே எடுத்து வைக்கிற கோலம் யாருக்கும் வேண்டாம் மக்கா. துபாய் போகிறவர்கள் துணியில் உருட்டிக் கட்டிய மூட்டையைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத லக்கேஜை அந்த விமான நிலையம் 2017 முதல் ஏற்பதில்லை.

எண்ணெய் ஏன் ஒழுகுகிறது என்று தெரிந்தால் கட்டுவது சுலபம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். விமானத்தின் வயிற்றில் குளிர், அங்கே உறைந்து சமர்த்தாகக் கிடக்கும். இறங்கின ஊர் வெயிலில் உருகி, லூசான மூடி வழியாகச் சட்டையில் இறங்கும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரல்கடை விடுங்கள். வாயில் ஒரு துண்டு பாலித்தீன் வைத்து மூடியைத் திருகுங்கள், மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், பிறகு பேப்பர் மேல் ஒரு ராத்திரி தலைகீழாக நிறுத்துங்கள். காலையில் பேப்பரில் கறை இல்லையென்றால் அது ஊர் போய்ச் சேரும். சிப்ஸ் பாக்கெட்டில் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு ஒட்டுங்கள். மேலே போனதும் உள்ளேயிருக்கிற காற்று விரிந்து பாக்கெட் பலூனாகும்.

வைக்கவே கூடாதவை: கொப்பரை. எண்ணெய்ச் சத்து மிகுந்த காய்ந்த தேங்காய், காற்றுப் புகாமல் அடைந்து கிடந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்பதால் தடை. கற்பூரமும் தீப்பெட்டியும் சட்டென்று தீப்பிடிக்கிறவை, அவையும் வேண்டாம். கசகசாவை வளைகுடா பக்கம் நினைத்தே பார்க்காதீர்கள். அங்கே அது போதைப்பொருள் கணக்கு, கைதுவரை போகும். டிரமடால், பிரெகாபலின் மாதிரி வலி மாத்திரைகளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு, மருத்துவர் சீட்டு இருந்தாலும் முன் அனுமதி தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவியும் கத்தியும் பெரிய பெட்டிக்குள். பவர் பேங்க் மட்டும் கைப்பையில், பெரிய பெட்டியில் போட்டால் பெட்டியையே திறக்கக் கூப்பிடுவார்கள். 100 வாட்-அவர் (பேட்டரியில் அடங்குகிற மின்சாரத்தின் அளவு) வரை அனுமதி வாங்க வேண்டியதில்லை. கணக்கு இதுதான்: பவர் பேங்க் மேல் போட்டிருக்கிற எம்ஏஎச் எண்ணை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74, பிரச்சனையில்லை. 30,000 என்றால் 111, கம்பெனி அனுமதி வேண்டும். எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தவே விடுவதில்லை, அதனால் போனை வீட்டிலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றுங்கள்.

தமிழனுக்கென்றே உள்ள தலைவலி இனிஷியல். ஆதாரில் முன்னால் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, டிக்கெட்டில் இரண்டும் இல்லை. டிக்கெட் எடுக்கிறவருக்கு வாயால் பெயர் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்கள். டிக்கெட் வந்ததும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அன்றைக்கே சொன்னால் திருத்துவது எளிது, கவுண்டரில் சொன்னால் கெஞ்ச வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் கூடுதல் கவனம்: விசிட் விசாவில் வருகிற அப்படிப்பட்டவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து பொதுவாக ஏற்பதில்லை. அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு இன்னொன்று. எஃப்டிஐ-டிடிபி என்கிற விரைவு இமிக்ரேஷன் திட்டம் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரத்துக்கும் வந்தாச்சு. ஆன்லைனில் பதிந்து, கைரேகையும் முகமும் ஒருமுறை கொடுத்தால் தானியங்கிக் கேட் வழியாகப் போகலாம்.

வழியனுப்ப வேன் நிறைய ஆள் போவது நம்ம பாசம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் இல்லாதவர்கள் வாசலோடு சரி. அழுகையையும் போட்டோவையும் வீட்டு முற்றத்திலேயே முடித்துவிட்டு, கூட ஒரே ஒருவர் வருவது நல்லது. எடை கூடினால் எடுத்த சாமானை வாங்கிக்கொண்டு திரும்ப ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு சொல்ல அதிகமில்லை. ஆட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் இறக்கைக்கு மேல் சீட் கேளுங்கள். வள்ளத்தில் போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம், முன்முனையான அணியத்தில் தூக்கிப் போடும், நடுவில் ஆட்டம் குறைவு. அதே கணக்குதான். மழைக்காலத்தில் இறங்கப் போன விமானம் சட்டென்று மேலே ஏறினால் பதறாதீர்கள். ரன்வே சரியாகத் தெரியாதபோதும் காற்று ஒத்துவராதபோதும் விமானி செய்ய வேண்டிய வேலையே அதுதான். வேறு ஊர் போய் இறங்கவும், அதற்கு மேல் அரை மணி நேரம் பறக்கவும் எண்ணெய் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

கிளம்புகிற அன்று சக்கப்பழமும் பயறும் வேண்டாம். கேபினில் இருக்கிற காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல. சிப்ஸ் பாக்கெட்டுக்கு நடந்ததே வயிற்றுக்குள்ளும் நடக்கும், பக்கத்து சீட்காரர் பாவம்.

காது வலி வருவது பெரும்பாலும் இறங்கும்போது. நடுக்காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாய் திறந்தால்தான் அழுத்தம் சமமாகும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறக்கும். தூங்குகிறவர் அதிகம் விழுங்குவதில்லை, அதனால்தான் தூங்கிக்கொண்டே இறங்குகிறவருக்குக் காது அடைக்கிறது. தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது எழுந்துகொண்டு ஒரு மிட்டாயைச் சப்புங்கள். அடைத்தால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊதுங்கள். முரட்டுத்தனமாக ஊதினால் செவிப்பறைக்குக் கேடு. சளி பிடித்திருந்தால் மூக்குச் சொட்டு மருந்தை இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே விட வேண்டும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு. கைக்குழந்தைக்கு ஏறும்போதே பாலெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். இறங்கும்போது கொடுக்கக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.