எந்தப் பாப் கேசி?

2024 நவம்பரில் முதல்முறையாக அமெரிக்கத் தேர்தலில் வாக்களித்தேன். பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். அதிபர் பதவிக்கு யார், செனட்டுக்கு யார் என்று விவாதமெல்லாம் பார்த்து முடிவோடுதான் போயிருந்தேன். ஆனால் வாக்குச்சீட்டு அதோடு முடியவில்லை. மாநில அட்டர்னி ஜெனரல், தலைமைத் தணிக்கையாளர், மாநிலப் பொருளாளர் என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. மாநிலத்தின் கணக்குப் பார்ப்பவரையும் கஜானாவைக் காப்பவரையும் நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் மனதில் உறைத்தது. பொருளாளர் வரிசையில் பேனா நின்றுவிட்டது. அங்கே இருந்த எந்தப் பெயரையும் நான் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்ட பெயர் ஒன்று இருந்திருந்தால் கை தானாக அந்தப் பக்கம் போயிருக்கும். இதை மறைக்க விரும்பவில்லை. நான் எழுத வந்ததே இதைப் பற்றித்தான்.

இனிஷியல் போட்டு வளர்ந்தவன் நான். குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. இங்கே வந்த பிறகு அப்பாவின் பெயர் என் கடைசிப் பெயராகிவிட்டது. மகளின் பள்ளியில் எனக்கு எழுதும் கடிதமெல்லாம் அப்பாவின் பெயருக்குத்தான் வருகிறது. அதனாலேயோ என்னவோ, ஒரு கடைசிப் பெயர் இந்த ஊர் அரசியலில் எவ்வளவு சுமை தூக்கும் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

நம் நண்பர்கள் வட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே ஒரு பட்டியல் வந்துவிடும். ஆடம்ஸ் அப்பாவும் மகனும் அதிபர்கள், புஷ் அப்பாவும் மகனும் அதிபர்கள், ஹாரிசன் தாத்தாவும் பேரனும் அதிபர்கள், ரூஸ்வெல்ட் இருவரும் தூரத்துப் பங்காளிகள், அப்புறம் கென்னடிகள். ‘பார்த்தாயா, அங்கேயும் வாரிசு அரசியல்தான்’ என்று முடித்துவிடுவார்கள். பட்டியலில் தப்பில்லை. ஆனால் யாருக்கு யார் மகன், யாருக்கு யார் பேரன் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் முக்கியமான ஒன்று தப்பிப்போகிறது. உறவே இல்லாதவர்களுக்கும் அந்தப் பெயர் வேலை செய்திருக்கிறது.

எங்கள் மாநிலத்துக் கதையையே சொல்கிறேன். ராபர்ட் பி. கேசி, எல்லோருக்கும் பாப் கேசி, ஸ்கிராண்டன் நகரத்து வழக்கறிஞர். 1969 முதல் 1977 வரை மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளர். வீண்செலவையும் முறைகேட்டையும் தோண்டி எடுப்பவர் என்று நல்ல பெயர் வாங்கியவர். அவருக்கு ஆளுநராக வேண்டும். இங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சர் மாதிரி. 1966லும் 1970லும் முயன்றார், இரண்டு முறையும் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றார்.

1976ல் பொருளாளர் பதவிக்கு ராபர்ட் இ. கேசி என்று இன்னொருவர் நின்றார். அசல் கேசிக்கு உறவினர் இல்லை, நடு எழுத்து வேறு. ஜெயித்துவிட்டார். தணிக்கையாளராக இருந்த அந்த நல்ல மனிதருக்குத்தான் வாக்களிக்கிறோம் என்று ஏராளமானவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அதைவிடக் கொடுமை 1978ல். அசல் கேசி மூன்றாம் முறையாக ஆளுநர் பதவிக்கு நிற்கிறார். அதே சீட்டில், துணை ஆளுநர் பதவிக்கு இன்னொரு ராபர்ட் பி. கேசி. இந்த முறை நடு எழுத்தும் அதே. பிட்ஸ்பர்க் பக்கத்து ஆசிரியர், ஐஸ்கிரீம் கடையும் நடத்தியவர். பென்சில்வேனியாவில் உட்கட்சித் தேர்தலில் ஆளுநருக்குத் தனியாக, துணை ஆளுநருக்குத் தனியாக வாக்களிக்க வேண்டும். ஆளுநர் பதவிக்கு அசல் கேசியை எதிர்த்து நின்ற, பிட்ஸ்பர்க்கின் முன்னாள் மேயர் பீட் ஃபிளாஹர்ட்டியையும் பிடிக்கும், கேசியையும் பிடிக்கும் என்றிருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். மேலே ஃபிளாஹர்ட்டி, கீழே கேசி, இரண்டு பேருமே கிடைத்துவிட்டார்கள் என்ற நிறைவோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார். முடிவு வந்தபோது ஆளுநர் வேட்பாளர் ஃபிளாஹர்ட்டி, துணை ஆளுநர் வேட்பாளர் ஐஸ்கிரீம் கடைக் கேசி. பத்து வருடங்களுக்கு மேல் அந்தப் பதவிக்காக உழைத்த மனிதர் வெளியே நின்றார். பொதுத் தேர்தலில் அந்த ஜோடியும் குடியரசுக் கட்சியிடம் தோற்றது.

நன்றாக வேலை செய்து சம்பாதித்த பெயரே அதைச் சம்பாதித்தவருக்கு எதிராகத் திரும்பியது. இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது.

1986ல் நான்காம் முயற்சியில் அவர் ஜெயித்தார். எதிர்த்து நின்றவர் மூன்றாம் வில்லியம் ஸ்கிராண்டன். அவருடைய அப்பா முன்னாள் ஆளுநர். கேசியின் ஊரான ஸ்கிராண்டனுக்கே அந்தக் குடும்பத்தின் பெயர்தான். ஊரே தன் பெயரில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளையை, தன் சொந்தப் பெயரை மற்றவர்களிடம் பறிகொடுத்தவர் தோற்கடித்தார்.

அப்புறம் அவருடைய மகன் இளைய பாப் கேசி வந்தார். தலைமைத் தணிக்கையாளர், பொருளாளர், 2007 முதல் செனட்டர். அப்பாவின் பெயர் அவருக்கு உதவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் என் முதல் வாக்குச்சீட்டில் இருந்தவரும் அவர்தான், அந்தத் தேர்தலில் அவர் சுமார் 15,000 வாக்குகளில் தோற்றுப்போனார். கிட்டத்தட்ட 70 லட்சம் பேர் வாக்களித்த தேர்தல் அது.

மாசசூசெட்ஸிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஜான் ஃபிரான்சிஸ் கென்னடி என்று ஒருவர். ஜில்லெட் சவரத்தகடு கம்பெனியின் சரக்கறையில் மேற்பார்வையாளராக இருந்தவர். அதிபரான ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் கென்னடிக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் சுருக்கி எழுதினால் இரண்டு பேரும் ஜான் எஃப். கென்னடி. 1954, 1956, 1958 என்று மூன்று முறை அவர் மாநிலப் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1958ல் செனட்டுக்கு ஒரு ஜான் எஃப். கென்னடி, பொருளாளர் பதவிக்கு இன்னொரு ஜான் எஃப். கென்னடி. இரண்டு பேரும் ஜெயித்தார்கள்.

வாக்காளர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, வரிசையில் நின்று உள்ளே போகும் ஒருவரிடம் இருபது பெயர்களை நீட்டி ‘தேர்ந்தெடு’ என்கிறோம். அவரிடம் வேறு எந்தத் தகவலும் இல்லாதபோது, எங்கோ கேட்ட பெயர்தான் அவருக்குத் தகவல். இவரைத் தெரியும், இவர் மோசமில்லை என்று அந்தப் பெயர் காதில் சொல்கிறது. பிரபலமான குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதும் முக்கால்வாசி இதேதான். மற்றவர்கள் லட்சக்கணக்கில் டாலர் கொட்டி விளம்பரத்தில் வாங்குவது அவர்களுக்குப் பிறப்பிலேயே வந்துவிடுகிறது.

எல்லாம் தெரிந்த தேர்தலில் பெயர் அவ்வளவு சுலபமாக எடுபடுவதில்லை. 2016 தேர்தலில் அதிபர் வேட்பாளராக முயன்ற ஜெப் புஷ் தன் பதாகைகளில் கடைசிப் பெயரையே எடுத்துவிட்டு ‘ஜெப்!’ என்று மட்டும் போட்டுக்கொண்டார், தென் கரோலினா மாநிலத்து உட்கட்சித் தேர்தலோடு விலகினார். 2020ல் மாசசூசெட்ஸ் மண்ணிலேயே, உட்கட்சித் தேர்தலில், அந்தக் குடும்பத்து ஜோ கென்னடி செனட்டர் எட் மார்க்கியிடம் தோற்றார். 1962ஐ இதற்கு எதிராகச் சொல்வீர்கள், தெரியும். அண்ணன் அதிபராக இருக்கும்போது முப்பது வயது டெட் கென்னடி அண்ணன் விட்டுப்போன செனட் இடத்துக்கே வந்து நின்றார். விவாத மேடையில், உட்கட்சித் தேர்தலில் எதிர்த்து நின்ற எட்வர்ட் மெக்கார்மக் அவரைப் பார்த்து, உங்கள் பெயர் எட்வர்ட் மூர் கென்னடியாக இல்லாமல் வெறும் எட்வர்ட் மூராக இருந்திருந்தால் நீங்கள் வேட்பாளர் என்பதே கேலிக்கூத்தாக இருந்திருக்கும் என்றார். உண்மையான பேச்சு. ஆனால் பேசிய மெக்கார்மக், அப்போதைய பிரதிநிதிகள் சபைத் தலைவரின் சகோதரர் மகன். மக்கள் கென்னடியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2009ல் இறக்கும்வரை அவர் செனட்டராக இருந்தார், நிறையச் சாதித்தார். அதற்காக மெக்கார்மக் அன்று கேட்ட கேள்வி தவறாகிவிடாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். வாக்காளர் தவறாகவோ சரியாகவோ ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் அது அவர் உரிமை. வாக்காளரைக் கேட்காமலே பெயரைக் கொடுப்பது வேறு. அலாஸ்காவில் ஃபிராங்க் மர்கவ்ஸ்கி 20 ஆண்டுகளுக்கு மேல் செனட்டராக இருந்துவிட்டு 2002 டிசம்பரில் ஆளுநரானார். காலியான செனட் இடத்துக்கு ஒருவரை நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கு. அவர் நியமித்தது தன் மகள் லிசாவை. மாநிலமே கொதித்தது. 2004ல் மக்களே வாக்களித்து அந்த நியமன அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். 2006ல் அப்பா ஆளுநராக நீடிக்க முயன்றபோது உட்கட்சித் தேர்தலில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். ஜெயித்தவர் சாரா பேலின்.

ஆனால் லிசாவின் கதை அங்கே முடியவில்லை. 2010ல் உட்கட்சித் தேர்தலில் தோற்றதால் அவர் பெயர் வாக்குச்சீட்டிலேயே அச்சாகவில்லை. வேண்டுமென்றால் வாக்காளர் தன் கையால் அந்தப் பெயரை எழுத வேண்டும். சுலபமான பெயரா அது? எப்படி எழுதுவது என்று காட்ட, பெயர் பொறித்த கைப்பட்டைகளைப் பிரசாரத்தில் கொடுத்தார்கள். எழுத்துப் பிழை உள்ள சீட்டுகளைத் தள்ள வேண்டும் என்று எதிர்த்தரப்பு நீதிமன்றம் வரை போனது, எடுபடவில்லை. அவர் ஜெயித்தார். இப்படிக் கையால் எழுதப்பட்டு ஒருவர் செனட்டுக்குப் போனது 1954க்குப் பிறகு அதுதான் முதல்முறை. அப்பா கொடுத்த பெயரை ஒரு லட்சம் பேர் எழுத்து எழுத்தாக எழுதித் தந்தார்கள். அன்றுமுதல் அது அவருடைய இடம் என்றே நான் நினைக்கிறேன். 2002ல் நடந்தது அதனால் நியாயமாகிவிடவில்லை.

மிச்சிகனின் டிங்கல் குடும்பத்தைப் பற்றி மட்டும் எனக்கு இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை. 1933ல் அப்பா, அவர் இறந்த 1955ல் மகன், மகன் ஓய்வு பெற்றபின் 2015ல் மருமகள். 90 ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரே குடும்பம். நினைத்தால் மூச்சு முட்டுகிறது. ஆனால் 1943ல் தேசிய மருத்துவக் காப்பீட்டுக்கு மசோதா கொண்டுவந்தவர் அந்த அப்பா. மகன் ஜான் டிங்கல் அதே எண்ணத்தை ஒவ்வொரு புதிய சபையிலும் விடாமல் மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். 1965ல் முதியோருக்கான மெடிகேர் நிறைவேறியபோது சபையை நடத்தியவர் அவர்தான். அன்று அவர் கையில் இருந்த சுத்தியலைத்தான் 2010ல் ஒபாமாவின் மருத்துவச் சட்டம் நிறைவேறிய அன்று நான்சி பெலோசியிடம் கொடுத்தார். ஒரு மகன் அப்பாவின் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் அப்பா முடிக்காமல் விட்ட வேலையையும் எடுத்துக்கொண்டால் அதை எந்தக் கணக்கில் வைப்பது?

என் கருத்து இவ்வளவுதான். செனட் இடம் காலியானால் எல்லா மாநிலங்களிலும் சீக்கிரம் தேர்தல் வைக்க வேண்டும், ஆளுநர் தன் இஷ்டத்துக்கு ஆள் போடக் கூடாது. பொருளாளரையும் தணிக்கையாளரையும் வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டு, தகுதி பார்த்து நியமிக்கட்டும். சபை அவர்களைக் கேள்வி கேட்கட்டும். இது ஜனநாயகத்தைக் குறைப்பது என்று என் மனைவி சொல்கிறாள். வீட்டில் இன்னும் இந்தச் சண்டை ஓயவில்லை.

2025ல் எங்கள் ஊரில் நீதிபதிகளுக்கான தேர்தல் வந்தது. மாதிரிச் சீட்டை முன்கூட்டியே எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒவ்வொரு பெயராக இரண்டு பேரும் உட்கார்ந்து தேடினோம். இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு வரிசையில் மட்டும் எவ்வளவு தேடியும் யாரைப் பற்றியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் ஒரு பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அந்த வரிசையை அப்படியே நிரப்பாமல் விட்டுவிட்டு வந்தேன்.