அதைப் பேய் மீன் என்காதீர்கள்

2025 ஜனவரியில் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவின் கரையோரம் பட்டப்பகலில் மேலே வந்த தூண்டில் மீனைப் பற்றிய உங்கள் கட்டுரைக்கு ‘பேய் மீன்’ என்று தலைப்பு வைத்திருக்க வேண்டாம். மதுரை கரிமேட்டில் மீன் வெட்டும் அண்ணனிடம் அதன் வீடியோவைக் காட்டினேன். பெரிய சுறா அளவு இருக்கும் என்றார். ஆறு சென்டிமீட்டர்தான், நம்ம அயிரையைவிடக் கொஞ்சம் பெரிசு என்றதும் போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஊசி ஊசியாகப் பல், நெற்றியில் ஒரு சிறு தூண்டில். அதன் நுனியில் வாழும் பாக்டீரியாதான் இருட்டில் ஒளி தந்து இரையை இழுக்கிறது. 200 முதல் 2000 மீட்டர் ஆழத்தில் வாழும் உயிர் அது. காயப்பட்டிருந்தது, சில மணி நேரத்தில் இறந்தும்விட்டது. அப்புறம் உடலை ஆய்வுக்காக அதே தீவின் சாண்டா குரூஸ் நகர அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். கட்டுரையில் இதையும் சேருங்கள், ஐயா.