எஸ்இவி போட்டால் டிஸ்க்கும் பூட்டப்படுமா?

"லிப்விர்ட்டில் (விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருள்) எஸ்இவி-யை (மெஷினின் மெமரியை என்கிரிப்ட் செய்யும் வசதி) இயக்கினால் போதும், விர்ச்சுவல் மெஷின் டிஸ்க் உட்பட மொத்தமும் என்கிரிப்ட் ஆகிவிடும்" என்றொரு செய்தி சிஸ்டம் அட்மின்கள் நடுவே சுற்றுகிறது. தவறு.

2018-இல் லிப்விர்ட் 4.5.0-இல் வந்த இந்த வசதி, ஏஎம்டி-யின் சர்வர் சிப்பான எபிக்கின் திறனைப் பயன்படுத்துவது. ஒவ்வொரு மெஷினின் ரேமுக்கும் தனிச் சாவி. அதை வைத்திருப்பது சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்புச் செயலி. ஹோஸ்ட் (மெஷின்களை ஓட்டும் நிஜக் கணினி) அட்மின் மெமரியை எட்டிப் பார்த்தால் குப்பை எழுத்துகள்தான் தெரியும். ஆனால் டிஸ்க் இமேஜ் ஃபைல்? அது அப்படியே திறந்து கிடக்கும். அதற்கு கெஸ்ட்டுக்குள், அதாவது விர்ச்சுவல் மெஷினுக்குள், லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) போட வேண்டும்.

ரேம் பாதுகாப்பும் முழுமையல்ல. முதல் எஸ்இவி, சிபியு ரெஜிஸ்டர்களை (சிபியு தனக்குள் தற்காலிகமாக வைத்திருக்கும் மதிப்புகள்) மறைக்காது. அதற்கு அதன் அடுத்த வடிவமான எஸ்இவி-இஎஸ் வேண்டும். மெமரியை ஹோஸ்ட் மாற்றி விளையாடுவதைத் தடுக்க, அப்புறம் வந்த எஸ்இவி-எஸ்என்பி வேண்டும். அதுவும் மூன்றாம் தலைமுறை எபிக் முதல்தான்.