பார்க்கிங் எங்கனு கேக்கிறாவ, வீடு எவ்ளோ தூரம்னு கேக்க மாட்டேங்கிறாவ

போன வாரம் ஒரு சடங்கு வீட்ல பந்தி முடிஞ்சு எல்லாரும் வெத்தல போட்டுக்கிட்டு இருக்கும்போது எங்க அத்தான் ஆரம்பிச்சாவ. திருநெல்வேலி பெருமாள்புரத்துல அவுக தெருல பழைய வீடு ஒண்ண இடிச்சிட்டு எட்டு ஃபிளாட் கட்டுதாங்களாம். "எட்டு குடும்பம் வந்தா எட்டு கார் வரும், தண்ணி பத்தாது, நம்ம தெருவும் மெட்ராஸ் ஆயிரும்"னு ஒரே புலம்பல். சுத்தி நின்னவுக எல்லாரும் ஆமா ஆமானு தலையாட்டுனாவ. அத்தான் வீட்ல ரெண்டு கார் இருக்கு, ஒண்ணு உள்ள நிக்கும், இன்னொண்ணு வருஷம் பூரா தெருலதான் நிக்கும். அத யாரும் கேக்கல, நானும் கேக்கல, சடங்கு வீடு பாருங்க. அதான் இங்கன வந்து எழுதுதேன்.

மொதல்ல இந்த மெட்ராஸ் பயம். 2011 சென்சஸ் கணக்குல நம்ம மாநகராட்சி 108 சதுர கிலோமீட்டர் சொச்சம், ஜனம் 4 லட்சத்து 70 ஆயிரம் சொச்சம். வகுத்துப் பாத்தா சதுர கிலோமீட்டருக்கு 4,300, 4,400 பேர் வரும். அதே சென்சஸ்ல சென்னை 26 ஆயிரத்துக்கு மேல. நாம அதுல ஆறுல ஒரு பங்குதான், ஆனா நம்ம ஊர் வண்ணார்பேட்டைல சாயங்காலம் ஆறு மணிக்கு நின்னு பாருங்க, ஏதோ நாடே வந்து நம்ம ஊர்ல குடியேறின மாதிரி இருக்கும். அம்புட்டும் வண்டி. உள்ள எட்டிப் பாத்தா காருக்கு ஒரு ஆள்.

நான் பொறந்தது டவுன்ல ஒரு வளவுல. தெரியாதவுகளுக்குச் சொல்லுதேன், தெருப்பக்கம் ஒரே ஒரு பொது வாசல், உள்ள போனா ரெண்டு பக்கமும் வரிசையா வீடு, நடுவுல கிணறு. எங்க வளவுல பதினோரு வீடு. முன்னால தார்சா, அடுத்து பட்டாசல்ங்கிற கூடம், அடுக்களை, அவ்ளோதான் ஒரு வீடு. இப்ப ஒரு கார் நிறுத்த ரெண்டரை மீட்டருக்கு அஞ்சு மீட்டர் விடணும்ங்கிறாங்கள்ல, அது 135 சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு செண்ட்ல மூணுல ஒரு பங்கு. எங்க பட்டாசல் அதவிட சின்னது. அதுல அஞ்சு பேர் படுத்து எந்திரிச்சோம்.

உடனே வளவு சொர்க்கம்னு நான் பாட்டு பாடப்போறேன்னு நெனைக்காதீங்க. பதினோரு வீட்டுக்கு ரெண்டு கக்கூஸ், காலைல வரிசை, தண்ணிக்கு தெனமும் சண்டை, ஒரு வீட்ல புருஷன் பொண்டாட்டி முணுமுணுத்தா அடுத்த வீட்டுக்கு கேக்கும். அதவிட மோசம், எங்க வளவுல வேற சாதி ஆளுக்கு வீடு குடுக்கவே மாட்டாவ, இது நெறைய வளவுல உள்ளதுதான். அந்த விஷயத்துல வளவு ஒழிஞ்சது நல்லதுதான். ஆனா அது ஒழியும்போது கூடவே இன்னொண்ணும் போயிருச்சு, கிட்டக்க இருக்கிறதுங்கிற சவுகரியம். அப்பா ஜங்ஷன்ல ஒரு மொத்தக் கடைல கணக்கு எழுதுனாவ. சைக்கிள்தான், ஈரடுக்குப் பாலத்துல கீழ்த்தட்டு வழியா போவாவ, மத்தியானம் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு வந்துட்டு போவாவ. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு போற ஆள இப்ப யாராவது பாத்திருக்கீங்களா?

அந்தப் பாலத்த நாம ஒழுங்கா நெனச்சுப் பாக்கறதே இல்ல. 1973ல திறந்தது. மேல பஸ்ஸு லாரி, கீழ சைக்கிளு, நடக்கிறவுக, சின்ன வண்டி. அதே 1973ல ஹாலந்து நாட்டுல பெட்ரோல் தட்டுப்பாடு வந்து ஞாயித்துக்கிழமை கார் ஓட்டக்கூடாதுனு அரசாங்கம் சொல்லி, ஜனம் ஹைவேல சைக்கிள் விட்டுச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1971ல, அங்க ரோட்டு விபத்துல 3,300 பேர் செத்திருக்காங்க, அதுல 400க்கு மேல பிள்ளைங்க. பெத்தவுக தெருவுக்கு வந்து போராடுனாங்க, அதுக்கப்புறம்தான் மெல்ல மெல்ல சைக்கிள் பாதை எல்லாம் வந்துச்சு. இப்ப நம்மாளுங்க அங்க டூர் போயி சைக்கிளோட செல்ஃபி எடுத்துப் போடுதாங்க. ஏ மக்கா, சைக்கிள்காரனுக்கும் பாலத்துல தனித்தட்டு வேணும்னு அந்தக் காலத்துலயே நெனச்ச ஊருல்ல நம்ம ஊர்.

சரி இப்ப என் கதை. பன்னெண்டு வருஷம் முன்னாடி ரெட்டியார்பட்டி தாண்டி ஒரு லே-அவுட்ல அஞ்சு செண்டு வாங்குனோம். டவுன்ல அந்தக் காசுக்கு ஒரு செண்டுகூட கெடைக்காது, அதனால நாங்க ரொம்ப சாமர்த்தியம்னு நெனப்பு. ஒரு காலத்துல குளத்துப் பாசன வயல் அது, 2023 டிசம்பர் 17, 18 மழைல முட்டளவு தண்ணி வந்து அது எங்களுக்கு ஞாபகப்படுத்திட்டுப் போச்சு. அதுகூட ரெண்டு நாள்தான். தெனமும் உள்ளது தூரம். எனக்கு ஆபீஸ் போக வர 22 கிலோமீட்டர், மாசத்துக்கு 25 நாள்னா 550, ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 குடுத்தா பன்னெண்டு லிட்டர், லிட்டர் 100 ரூபாய்க்கு மேல. எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒரு பைக், மழைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் ஒரு கார், காருக்கு மாசத் தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ். எல்லாத்தையும் ஒருநாள் டைரில எழுதிப் பாத்தேன், அந்த மாசக் காசு டவுன்லயே ஒரு நல்ல வீட்டுக்கு வாடகை. செண்டு விலைய மட்டும்தான் நாங்க கேட்டோம், தூரத்துக்கு என்ன விலைனு கேக்கவே இல்ல.

காசக்கூட விடுங்க, அம்மாவுக்கு 74 வயசு. டவுன்ல இருக்கும்போது சாயங்காலம் அவளாவே நெல்லையப்பர் கோயிலுக்குப் போயி, வாகையடி முக்குல நாலு பேர்கிட்ட வாயாடிட்டு, கருவேப்பில வாங்கிக்கிட்டு வருவா, யாரையும் எதிர்பாக்க மாட்டா. இப்ப கொத்தமல்லி வேணும்னாலும் நான் வண்டி எடுக்கணும். 2021ல இருந்து பொம்பளைகளுக்கு டவுன் பஸ் ஓசிதான், நல்ல திட்டம், ஆனா ஸ்டாப்புக்கு எங்க வீட்ல இருந்து ஒண்ணரை கிலோமீட்டர், நெழலே கெடையாது. கார் இருக்கிற வீட்ல கார் ஓட்டத் தெரியாத ஆளு கைதி மாதிரிதான். மகளும் அப்படித்தான். பிளஸ் ஒன்ல அரசாங்க சைக்கிள் குடுத்தாங்க, பளபளன்னு நீலக் கலர், ஸ்கூலுக்கு அதுல போணும்னா நாலு வழிச் சாலைய தாண்டணும், லாரி வர வேகத்துக்கு நான் எந்த நெஞ்சோட அனுப்ப? சைக்கிள் சுவத்துல சாஞ்சு நிக்கி, மேல துணி காயுது. ரோட்டோரம் வெள்ளக் கோடு போட்டு சைக்கிள் பாதைனு எழுதிட்டா சரியாயிரும்னு சொல்லுதவுகள பாத்தாலும் எனக்கு எரிச்சல்தான், பதினோரு கிலோமீட்டருக்கு எந்தக் கோட்டுல போகச் சொல்லுதீங்க, நம்ம வெயில்ல?

அதனாலதான் அந்த எட்டு ஃபிளாட்ட நான் எதிர்க்கல. 2019ல வந்த கட்டட விதில சாதாரண கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதான் இடத்தோட பரப்புல எத்தன மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, ஒண்ணரைல இருந்து ரெண்டாச்சு, அதாவது மூணு செண்டு இடத்துல 2,600 சதுர அடி வரைக்கும் கட்டலாம், அதுல அப்ரூவல் வாங்கி ஒழுங்கா இடைவெளி விட்டு கட்டுனா கட்டட்டுமே. அங்க வரப்போற குடும்பம் நடந்து போயி பால் வாங்கும், பஸ் ஏறும். அந்த எட்டு வீடும் அங்க இல்லேன்னா எங்க லே-அவுட்டுக்கு அடுத்த வயல்ல வரும், அப்பத்தான் அத்தான் பயப்படுத எட்டு காரும் எட்டு பைக்கும் சேந்தே வரும், வேலைக்கு எல்லாம் அதே வண்ணார்பேட்டை வழியாத்தானே வரணும்? தண்ணி, சாக்கடை விஷயத்துல அத்தான் கேக்கது ஞாயம், அத மாநகராட்சிய பிடிச்சுக் கேக்கணும், குடி வரவன கேட்டு என்ன செய்ய. ரோட்ட அகலமாக்குனா தீந்துரும்ங்கிறாவ, ஆக்குன ரோட்டுல ஆறு மாசத்துல ரெண்டு பக்கமும் கார் நிக்கும், நான் பாத்துட்டேன். ரத வீதிக்கு அம்புட்டு அகலம் விட்டது தேருக்கு. ஆனித் தேரோட்டம் அன்னைக்கு ஒரு வண்டியும் உள்ள வராது, ஜனம் முண்டியடிக்கும், கடைக்காரவுக யாரும் நட்டம்னு அழுததா நான் கேட்டதில்ல.

நாங்க இப்ப டவுன் பக்கம் வாடகைக்கு வீடு பாத்துக்கிட்டு இருக்கோம். மொத வீடு அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுது, கோயில் மணி கேக்குதுனு அங்கனயே உக்காந்துட்டா. எங்க வீட்ல அவுக வாசல்ல நின்னு தெருவ மேலயும் கீழயும் பாத்துட்டு, "காரை எங்க விடுறது?"ன்னாவ. அது கேன்சல். தெற்கு ரத வீதிக்குப் பின்னால இன்னொண்ணு இருக்காம், சனிக்கிழமை போறோம். மாடி வீடுங்கிறாரு புரோக்கர், படி செங்குத்தா இருக்குமாம், அம்மாவால ஏற முடியுமானு பாக்கணும்.