பிள்ளைகளோடு படகில் போனால் அவுஸ்திரேலியா ஏற்றுக்கொள்ளுமா?

கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு அக்கா போனை நீட்டி, "தம்பி, இது உண்மையா?" என்று கேட்டார். "குடும்பமாகப் படகில் போனால் அவுஸ்திரேலியாவில் தடுத்து வைக்க மாட்டார்கள், பிள்ளை இருந்தால் விசா நிச்சயம்" என்கிற வட்ஸ்அப் தகவல். ஹட்டன், நுவரெலியா பக்கமெல்லாம் இதுதான் சுற்றுகிறது. அவர் கழுத்துச் சங்கிலியை ஈடு வைக்கலாமா என்ற யோசனையில் இருந்தார்.

இது பொய். விசா இல்லாமல் படகில் வருபவர்களை அங்கே குடியேற்றுவதில்லை என்று 2013 ஜூலையிலேயே அவுஸ்திரேலிய அரசு அறிவித்துவிட்டது. குடும்பம், கைக்குழந்தை என்று விலக்கு கிடையாது. படகில் வந்தவர்களை அவுஸ்திரேலியா அனுப்பி வைத்த பசிபிக் தீவு நாடான நவுருவில் பல பிள்ளைகள் வருடக்கணக்காக வைக்கப்பட்டிருந்தார்கள்; கடைசிப் பிள்ளைகள் வெளியேறியது 2019இல்தான். 2022இல் இங்கிருந்து போன படகுகளும் மறிக்கப்பட்டு, ஆட்கள் கொழும்புக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிள்ளைகளோடு போனால் சலுகை என்பது அமெரிக்காவிலும் நடக்கவில்லை: 2018இல் மெக்சிகோ எல்லையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள்.

தஞ்சம் கேட்பது குற்றமில்லை, அது மனித உரிமை. ஆனால் அந்த உரிமையைக் காட்டிக் காசு பறிக்கிறவர்களை நம்ப வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் அவுஸ்திரேலிய உள்துறைத் திணைக்களத்தின் இணையதளத்தைப் பாருங்கள், அல்லது கொழும்பிலுள்ள அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தில் கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்று யாராவது சொன்னால், வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

அந்தத் தகவல் உங்கள் குழுவுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.